மழையில் நீட்டிய போத்தல்

மாசாய்
5 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

வலேரி எழுதுகிறேன். போன வருடம் நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையைக் கிழித்துப் போட்டேன். உறையைப் போடவில்லை. அதன் பின்னால் இருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று தெரியாது.

உங்கள் நம்பரை என் கைப்பேசியில் பிளாக் செய்து அடைத்து வைத்திருக்கிறேன். இப்போதைக்குத் திறக்க மாட்டேன். திறந்தாலும் எனக்குப் பேச வராது. சின்ன வயதில் ஏதாவது வேண்டுமென்றால் துண்டுக் காகிதத்தில் எழுதி உங்கள் சோற்று டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். நீங்கள் எங்கோ வடக்கே லோரியை நிறுத்திச் சாப்பிடும்போது அதைப் படிப்பீர்கள். இதையும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறேன். டோபி கடையில் வேலை. பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. மூன்றாம் படிவத்தோடு நின்றது நின்றதுதான். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன நாட்களில் விட்டதை இனிமேல் பிடிக்க முடியாது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் இப்போது வேறு என்னவோ பேசுகிறார்கள்.

நீங்கள் விட்டுப்போன சைக்கிளை நான் ஓட்டுகிறேன். வேலைக்குப் போகத்தான் எடுத்தேன். சங்கிலி துருப்பிடித்துக் கிடந்ததால் சைக்கிள் கடை சுகுமாறன் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய குழுவோடு வரச் சொன்னார். இப்போது பத்து பாகாட்டில் நடக்கும் ஒரு போட்டிக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டார். டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை.

உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பாதி தூரத்தில் எனக்குத் தண்ணீர் தீர்ந்துவிடும். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து யாராவது வந்து வழியில் நின்று போத்தல் கொடுப்பார்கள்.

நீங்கள் வருவீர்களா?

வலேரி


பத்து பாகாட்
14 நவம்பர் 2024

அன்பு மகள் வலேரிக்கு,

உன் கடிதம் வந்தது. மார்க்கர் பேனாவில் எழுதுகிறேன், வீட்டில் வேறு பேனா அகப்படவில்லை. எழுத்து பெரிசாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

மழைக்காலத்தில் நடக்கும் போட்டி. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடி. வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்டாதே, ஈரத்தில் வழுக்கும்.

வருகிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று எழுது. என்ன சட்டை, என்ன நிறத் தொப்பி, எல்லாம் எழுது. பளிச்சென்ற நிறமாக இருந்தால் நல்லது.

சாப்பிடுகிறாயா?

அப்பா


மாசாய்
24 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் எழுதத் தோன்றியதோ என்னவோ. இருக்கட்டும்.

ஆரஞ்சு நிற ஹெல்மெட். மஞ்சள் சட்டை. செங்காராங் போகும் சாலையில், பாரிட் கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் ஒரு சீனர் காப்பிக்கடை இருக்கிறதாம். அதன் முன் இடது பக்கம் நில்லுங்கள். அந்த இடத்தில் சாலை நேராக இருக்கும், தூரத்திலேயே உங்களைப் பார்த்துவிடுவேன் என்று சுகுமாறன் அண்ணன் சொன்னார்.

இங்கே தினமும் மழை. நனைந்துகொண்டுதான் பழகுகிறோம். எனக்குக் கால் ஓடுகிறது, வாய்தான் ஓடவில்லை. முன்னால் போகிறவர் சாலையில் குழியைப் பார்த்தால் "லுபாங்" என்று கத்தவேண்டும். மழையில் பிரேக்கிலிருந்து கையை எடுத்துக் காட்டமுடியாது என்பதால் கத்தித்தான் ஆகவேண்டும். நான் முன்னால் போகும்போது குழி வந்தால் எனக்குச் சத்தமே வருவதில்லை. போன வாரம் என் பின்னால் வந்த லோஷினி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள்.

"அலமாக், வாயத் தொறந்து கத்து லா!" என்று சுகுமாறன் அண்ணன் திட்டினார். "பின்னால வர்றவளுக்கு ஒன் மூஞ்சியா தெரியுது? முதுகுதானே தெரியுது!"

"விடுங்கண்ணே, அவ வீட்டுல கூட எஸ்எம்எஸ்லதான் சோறு கேப்பா" என்றாள் லோஷினி, இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து கடைசியில்தான் ஓட்டுகிறேன்.

இன்னொன்று எழுத வேண்டும். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் சைக்கிள் போட்டிகளில் ஓட்டியபோது அம்மா உங்களுக்குப் போத்தல் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உப்பிட்ட ஆசாம் போய்ப் பழத்தை ஊறவைத்த தண்ணீர், நீலப் போத்தலில். கழுத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு சாலையோரமாகக் கொஞ்சம் ஓடுவார்கள். "கெட்டியாப் பிடிச்சா அப்பா கை இழுத்துக்கும் பாப்பா, எடுத்துட்டுப் போறதுக்கு விட்டுக் குடுக்கணும்" என்று என்னிடம் சொல்வார்கள். அம்மா நின்ற இடத்தில் நீங்கள் நிற்கவேண்டும் என்றுதான் உங்களைக் கூப்பிடுகிறேன். வேறு யாரும் அங்கே நிற்கக்கூடாது. அம்மாவின் முதல் ஆண்டுத் திருப்பலிக்குக்கூடக் காத்திருக்காமல் நீங்கள் யாரோடு போனீர்களோ, அந்தப் பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். தனியாக வாருங்கள். வந்தால்தான் நான் நம்பரைத் திறப்பேன்.

வலேரி


பத்து பாகாட்
3 டிசம்பர் 2024

வலேரி,

காப்பிக்கடை தெரியும். முன்பு லோரியை அங்கேதான் நிறுத்துவேன்.

இடது பக்கம். ஆரஞ்சு ஹெல்மெட். மஞ்சள் சட்டை.

வருகிறேன். நீலப் போத்தல் என்னிடம்தான் இருக்கிறது.

அப்பா


பத்து பாகாட்
16 டிசம்பர் 2024

அம்மா வலேரி,

விழுந்தாயா? அடி பட்டதா? முதலில் அதைச் சொல்.

காலையிலிருந்து நின்றேன். மழை விடவில்லை. காப்பிக்கடைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் ஏற்றிவிட்டுக் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார். பாரிட் நிரம்பித் தண்ணீர் சாலைக்கு வந்தது. பிறகு ரேலா தொண்டர்படைக்காரர் ஒருவர் வந்து, "பாக்சிக், பாலிக் லா" என்றார். சைக்கிள்களை முன்னாலேயே வேறு பக்கம் திருப்பிவிட்டார்களாம், இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்களாம், வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நான் போகவில்லை. வழியை மாற்றியிருந்தாலும் நான் இங்கே நிற்பது உனக்குத் தெரியுமே என்று நினைத்தேன். மத்தியானம் தாண்டியும் நின்றேன். நீ வரவில்லை. அது தப்பில்லை. போட்டி என்றால் போட்டிதான்.

ஆனால் முடித்தவர்களில் உன் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டேன். பாதியில் என்ன ஆனது?

அப்பா


மாசாய்
22 டிசம்பர் 2024

அப்பாவுக்கு,

நான் விழவில்லை.

"நீ வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து விரித்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற மனிதர் எப்படி இப்படி எழுத முடியும்?

நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தொடங்கும்போதே நல்ல மழை. முன் சக்கரத் தண்ணீர் எல்லாம் வாய்க்குள் வந்தது. பலர் விழுந்தார்கள். நான் விழவில்லை, நீங்கள் சொன்னபடி காற்றைக் குறைத்திருந்தேன். கோட்டின் மேல் ஏறவில்லை. எப்படியோ முன்னால் போகிற கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டேன். என்னையும் லோஷினியையும் சேர்த்து ஆறேழு பெண்கள்தான் அதில் இருந்தோம். அந்த நேரம் எனக்குக் குளிர்கூடத் தெரியவில்லை. அப்பா பார்க்கப் போகிறார், முன்னால் வருவதைப் பார்க்கப் போகிறார் என்ற நினைப்புத்தான் இருந்தது.

ஓரிடத்தில் ஆட்கள் கொடியை வைத்துக்கொண்டு சாலையை மறித்து நின்றார்கள். "பூசிங்! டெப்பான் பஞ்சிர்!" என்று கத்தினார்கள். முன்னால் வெள்ளமாம், திரும்பச் சொன்னார்கள். எல்லோரும் வலப்பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்த வழியில் போனால் சீக்கிரம் முடிந்துவிடும். எனக்குக் கோப்பை கிடைத்திருக்கும் என்று லோஷினி இன்னமும் சொல்கிறாள்.

நான் நேராகப் போனேன். கொடிக்காரர் சைக்கிளைப் பிடிக்கப் பார்த்தார். "ஏய் வலேரி! அந்தப் பக்கம் இல்லடி! பைத்தியமாடி ஒனக்கு?" என்று லோஷினி கத்தியது கேட்டது. நீங்கள் அங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வழி மாறியது உங்களுக்குத் தெரியாது என்றும் தெரியும். நீங்கள் நின்று நின்று பார்த்துவிட்டு, என் மகள் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது என்றுதான் போனேன். தண்ணீர் சக்கரத்தில் பாதி வரை இருந்தது. சில இடங்களில் இறங்கித் தள்ளினேன். சாலை எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது, அப்பா.

காப்பிக்கடை தெரிந்தது. நீங்களும் தெரிந்தீர்கள். பக்கத்தில் அவர்கள், நான் கூட்டி வராதீர்கள் என்று எழுதிய அதே ஆள், குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ. போத்தல் அவர்கள் கையில் இருந்தது. அம்மாவின் நீலப் போத்தல். கழுத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார்கள். அம்மா பிடிக்கிற மாதிரியே. அதை நீங்கள்தானே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? வேறு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

நான் நடுச்சாலையில் தண்ணீருக்குள் நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தேன், வரவில்லை. நீங்கள் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நேராக. ஆரஞ்சு ஹெல்மெட், மஞ்சள் சட்டை, எல்லாம் எழுதித்தானே அனுப்பினேன்? அந்தச் சாலையில் வேறு ஒருவர்கூட இல்லை. நீங்கள் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

திரும்பிவிட்டேன். வந்த வழியே தண்ணீருக்குள் வந்தேன். சுகுமாறன் அண்ணன் வேனில் தேடிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வருகிறேன்" என்று மட்டும்தான் எழுதியிருந்தீர்கள். தனியாக வருகிறேன் என்று நானாகத்தான் படித்துக்கொண்டேன்.

இனி எழுதமாட்டேன். கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பவேண்டாம்.

வலேரி


பத்து பாகாட்
30 டிசம்பர் 2024

அன்பு மகள் வலேரிக்கு,

கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துக் கிழித்துவிடாதே. நான் சொல்லச் சொல்ல, என்னோடு இருக்கும் கஸ்தூரி எழுதுகிறாள். இவ்வளவையும் மார்க்கரில் எழுதினால் ஒரு புத்தகம் ஆகிவிடும். எழுதி முடிக்கிற வரைக்கும் என் கண்ணும் தாங்காது.

எனக்குக் கண் போய்விட்டது, வலேரி. சர்க்கரைதான். அம்மாவுக்கு அது சிறுநீரகத்தில் இறங்கியது, எனக்குக் கண்ணில். இடது கண்ணில் ஒன்றும் இல்லை. வலது கண்ணில், வைப்பர் இல்லாத லோரிக் கண்ணாடி வழியாகப் பெருமழையில் பார்ப்பதுபோல் ஏதோ தெரியும். வெளிச்சம் தெரியும், பெரிய கறுப்பு எழுத்து தெரியும். ஆள் தெரியாது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். இதற்கு மேல் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். லோரியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கஸ்தூரி தையல் ஃபேக்டரிக்குப் போய்வருகிறாள்.

நீ நின்றாய் என்பது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். நான் உன்னைப் பார்க்கவில்லை, அம்மா. தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒரு நோயாளிக்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை நீ. பதினைந்து வயதில் அம்மாவைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறினாய். அவள் போன நாளில் நான் லோரியோடு எல்லைப் பக்கம் இருந்தேன், நீ தனியாக இருந்தாய். தெரிந்தால் நீ சண்டையை எல்லாம் விட்டுவிட்டு எனக்குக் கை பிடிக்க வந்துவிடுவாய். வேலையையும் விடுவாய், சைக்கிளையும் விடுவாய். கோபமாகவே இருக்கட்டும், பிள்ளை அவள் வழியில் போகட்டும் என்று நினைத்தேன்.

உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவது கஸ்தூரிதான். "அந்தப் பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்" என்ற வரியையும் அவள்தான் படித்தாள். எனக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவை படித்தாள். அதனால்தான் தனியாக வருகிறேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தனியாக என்னால் தெருமுனைக்கே போகமுடியாது.

அன்றைக்கு அவளிடம், "நீ கொண்டுபோய் விட்டுட்டுத் தள்ளிப் போய் நில்லு" என்றேன். "நீங்க போத்தல நீட்டி, அது பின்னால வர்ற புள்ளைக்கு இடிச்சு, விழுந்து தொலைச்சா? ஆரஞ்சு வந்ததும் குடுத்துட்டு ஓடிடுறேன். என்னைய யாருன்னு அதுக்குத் தெரியவா போவுது?" என்றாள். முதல்நாள் முழுதும் வீட்டுக் கூடத்தில் போத்தலை நீட்டி நீட்டிப் பழகினாள். இரண்டு விரலால் பிடிக்கச் சொன்னது நான்தான். உன் கை இழுத்துக்கொள்ளக்கூடாது என்றுதான் சொன்னேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

இனிமேல் சொல்வதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அவள் உன்னைப் பார்த்திருக்கிறாள். நீ நின்றதையும், திரும்பியதையும். தன்னைப் பார்த்துத்தான் நீ திரும்புகிறாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போத்தலை என் கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டாள். திடீரென்று தலையில் மழை விழுந்தது. "எங்க போற?" என்றேன். "காலு வலிக்குது, பின்னால போய் ஒக்காந்துட்டு வரேன்" என்றாள். கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நீ ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாய், நான் தனியாக நிற்பதைப் பார்த்தால் வந்துவிடுவாய் என்று நினைத்திருக்கிறாள்.

நான் போத்தலை நீட்டிக்கொண்டே நின்றேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டும்போதுதான் இதைச் சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்கு முன்னால் நான் செய்ததற்கு என்ன காரணம் சொன்னாலும் உனக்குப் போதாது. எனக்கே போதவில்லை. அதை மன்னிக்கச் சொல்லவில்லை. நான் உன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அந்த ஒன்று மட்டும் வேண்டாம்.

வெள்ளத்தில் வந்தாயே, பிள்ளை. கால்வாயில் விழுந்திருந்தால்?

அப்பா

(மேலே 'அப்பா' என்று உள்ள கையெழுத்து மட்டும் நான் போட்டது. கோணலாக இருக்கும்.)


மாசாய்
9 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை டோபி கடையில் வைத்துப் படித்தேன். மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதை மறுபடியும் துவைக்க வேண்டியதாகிவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அப்பா. வேன் வந்து ஏற்றும் வரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். திறந்துவிட்டு, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் வரவில்லை. அதனால் இதையும் எழுதித்தான் அனுப்புகிறேன்.

அம்மாவின் விஷயத்தில் என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை. நான் உங்களோடு வந்து இருக்கப்போவதில்லை, வேலையை விடப்போவதும் இல்லை. அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம். கண் போனதை என்னிடம் சொல்லலாம். எதையும் சொல்லலாம்.

வருகிற 19-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் அண்ணன் பத்து பாகாட் பக்கம் வருகிறார். என்னையும் சைக்கிளையும் வேனில் கொண்டுவந்து செங்காராங் சாலையில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். போட்டி இல்லை. என்னோடு யாரும் வரமாட்டார்கள். நான் மட்டும்தான் ஓட்டி வருவேன். காலையில் அதே காப்பிக்கடை முன்னால், அதே இடது பக்கம் நில்லுங்கள். மழை இருந்தாலும் வருவேன்.

சட்டை நிறம் எழுதவில்லை. அது இனித் தேவையில்லை என்று எழுத உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

ஆன்டி, இது உங்களுக்கு. நீங்களும் குடையோடு வாருங்கள். கடைக்குப் பின்னால் போக வேண்டாம். இந்த வரியையும் அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

ஆனால் போத்தலை அப்பாதான் கொடுக்க வேண்டும்.

உங்களால் முடியும், அப்பா. முன்னால் போகிறவர் கத்தாமல் போனால் பின்னால் வருகிறவர் விழுகிறார் என்பதை லோஷினியின் முழங்கையில் பார்த்தும் நான் திருந்தவில்லை. அன்றைக்கும் நான் கூப்பிட்டிருந்தால் நீங்கள் கையைத் தூக்கியிருப்பீர்கள். இப்போது கடையில் டிரையர்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது நின்று கத்திப் பழகுகிறேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. நேற்று டிரையர் சத்தத்தையும் மீறிக் கேட்டு, துணி போட வந்த ஒரு சீன அம்மா பயந்துபோய் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

கடை தெரியும் இடத்திலிருந்தே கத்திக்கொண்டு வருவேன். சத்தம் கிட்டே வந்ததும் கையை நீட்டுங்கள். கழுத்தை இரண்டு விரலால் மட்டும் பிடியுங்கள். கெட்டியாகப் பிடிக்காதீர்கள்.

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வலேரி